இணையப் போக்குவரத்தை கேஷ் ப்ராக்ஸிக்குத் திருப்பிவிடும் ஸ்விட்ச் அமைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டை, சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் வட்டாரக் கல்லூரிகளிலும் விடுதிகளிலும் நெட்வொர்க் அமைத்துக் கொடுப்பது என் தொழில். ஆய்வகப் பொறுப்பாளர்கள் தொலைபேசியில் கேட்கும் சந்தேகங்கள் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லும்போது ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது. விட்டுப்போன அந்த ஒன்றுதான் மறுநாள் காலை ஆய்வகத்தை நிறுத்திவைக்கிறது. அதனால் எல்லாவற்றையும் எழுதிவைக்கிறேன். நான் அதிகம் கையாள்வது சிஸ்கோ கேட்டலிஸ்ட் 3560, 3750 வகை ஸ்விட்ச்களும் லினக்ஸில் ஓடும் ஸ்க்விட் ப்ராக்ஸியும் என்பதால் பெயர்கள் அந்த வழக்கில் இருக்கும். மற்ற நிறுவனங்களின் ஸ்விட்ச்களில் கட்டளை மாறும், வேலை ஒன்றுதான்.

கேஷ் ப்ராக்ஸி என்றால் என்ன? நெட் ஏற்கெனவே நன்றாகத்தானே ஓடுகிறது?

ஒரு கணினி கேட்ட கோப்பை வெளியிலிருந்து வாங்கிக் கொடுத்துவிட்டு, ஒரு பிரதியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் சர்வர்தான் கேஷ் ப்ராக்ஸி. அதே கோப்பை அடுத்த கணினி கேட்டால் வெளியே போகாமல் உள்ளேயிருந்தே கொடுத்துவிடும். எவ்வளவு நாள் வைத்திருக்கலாம், எதை வைத்திருக்கவே கூடாது என்பதை அந்தக் கோப்பை அனுப்பும் தளமே பதிலின் தலைப்பு வரிகளில் சொல்லிவிடும். ப்ராக்ஸி அதன்படி நடக்கும்.

நன்றாக ஓடும் இடத்தில் இது தேவையே இல்லை. 40 லினக்ஸ் கணினிகள் உள்ள ஆய்வகத்தில் ஒவ்வொன்றும் 300 எம்பி புதுப்பிப்பை இறக்கினால் மொத்தம் 12 ஜிபி. ப்ராக்ஸி இருந்தால் வெளியிலிருந்து வருவது 300 எம்பியை ஒட்டித்தான். ஊர் எல்லையில் இருக்கும் கல்லூரிக்கு ஒரே ஒரு இணைப்புதான் என்றால், இந்த வேறுபாடு முதல் நாளே கண்ணுக்குத் தெரியும்.

பிரவுசரில் ப்ராக்ஸி முகவரியைப் போட்டால் போதாதா? ஸ்விட்ச்சை ஏன் தொட வேண்டும்?

போதும். முடிந்த இடத்திலெல்லாம் அதைத்தான் செய்யச் சொல்வேன். கணினிகள் உங்கள் கட்டுப்பாட்டில் இருந்தால், அமைப்பிலேயே ப்ராக்ஸி முகவரியைக் கொடுப்பதுதான் நேர்வழி. தான் ப்ராக்ஸியோடு பேசுகிறோம் என்பது பிரவுசருக்குத் தெரியும். பயனர் பெயர் கேட்கலாம், பிழை வந்தால் தெளிவாகக் காட்டலாம்.

ஸ்விட்ச் வழியாகத் திருப்பிவிடுவது, கருவிகள் உங்கள் கையில் இல்லாத இடத்துக்கான வழி: மாணவர்களின் சொந்த மடிக்கணினிகள், விடுதியில் மாதம் ஒரு முறை மாறும் கருவிகள், அல்லது செமஸ்டருக்கு ஒரு முறை புதிதாக நிறுவப்படும் ஆய்வகக் கணினிகள். அங்கே ஒவ்வொன்றிலும் போய் அமைப்பை மாற்றிக்கொண்டிருக்க முடியாது. கருவிக்குத் தெரியாமலேயே பாதையை மாற்றுகிறோம் என்பதால் இதை இடைமறிப்பு என்கிறோம். கீழே வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை அந்தத் 'தெரியாமலேயே' என்ற சொல்லிலிருந்து பிறப்பவை.

எங்களிடம் 24 போர்ட் ஸ்விட்ச் இருக்கிறது சார். அதிலேயே செய்துவிடலாமா?

கேபிள் செருகும் போர்ட் எண்ணிக்கையை வைத்துச் சொல்ல முடியாது. சாதாரண லேயர் 2 ஸ்விட்ச்சுக்கு ஒவ்வொரு கருவியின் மேக் முகவரி, அதாவது நெட்வொர்க் கார்டின் அடையாள எண், மட்டும்தான் தெரியும். எந்த பாக்கெட் (நெட்வொர்க்கில் போகும் தகவல் துண்டு) வலைப்பக்கத்துக்கு உரியது, எது மின்னஞ்சலுக்கு உரியது என்று அது பார்ப்பதில்லை. திருப்பிவிட வேண்டுமானால் ஐபி முகவரியையும், எந்தச் சேவைக்கான இணைப்பு என்று காட்டும் டிசிபி போர்ட் எண்ணையும் படிக்கும் லேயர் 3 ஸ்விட்ச் வேண்டும். குறிப்பிட்ட போக்குவரத்தை மட்டும் வேறு பாதையில் அனுப்பும் பாலிசி ரூட்டிங், அல்லது ப்ராக்ஸியும் ஸ்விட்ச்சும் தாங்களே பேசிக்கொள்ளும் டபிள்யூசிசிபி (WCCP) என்ற வசதியும் அதில் இருக்க வேண்டும்.

லேயர் 3 ஸ்விட்ச் இல்லையென்றால் அதற்காக வாங்கிவிடாதீர்கள். வாசலில் இருக்கும் ரூட்டரோ ஃபயர்வாலோ இந்த வேலையைச் செய்யக்கூடும். அதுவும் இல்லையென்றால் ஒரு லினக்ஸ் கணினியில் இரண்டு நெட்வொர்க் கார்டு போட்டு நடுவில் வைக்கலாம்.

திருப்பிவிடும்போது உள்ளே உண்மையில் என்ன நடக்கிறது?

சுத்தமல்லி அணைக்கட்டைப் பார்த்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். தாமிரபரணியில் வரும் தண்ணீரில் ஒரு பகுதி அங்கே திருநெல்வேலிக் கால்வாய்க்குள் திரும்புகிறது. மிச்சம் ஆற்றோடு மருதூருக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் போகிறது. ஸ்விட்ச் செய்வதும் அதுதான். மாணவர்கள் பக்கமிருந்து வரும் போக்குவரத்தில் டிசிபி போர்ட் 80க்கு, அதாவது மறையாக்கம் இல்லாத எச்டிடிபி பக்கங்களுக்கு, போவதை மட்டும் பிரித்து ப்ராக்ஸி இருக்கும் பக்கம் தள்ளுகிறது. மற்றவை வழக்கமான பாதையில் போகின்றன.

இதில் ஒன்றைக் கவனமாக மனதில் பதியவையுங்கள். பாலிசி ரூட்டிங் செய்யும் ஸ்விட்ச், பாக்கெட்டின் மேல் எழுதியிருக்கும் சேருமிட ஐபி முகவரியை மாற்றுவதில்லை. அடுத்து யாரிடம் கொடுப்பது என்பதை மட்டுமே மாற்றுகிறது. அதாவது, வெளியே இருக்கும் தளத்தின் முகவரியைச் சுமந்துகொண்டுதான் பாக்கெட் ப்ராக்ஸியின் வாசலில் வந்து நிற்கிறது. 'இது எனக்கு வந்ததல்ல' என்று தள்ளிவிடாமல் அதைப் பிடித்து ஸ்க்விட்டிடம் ஒப்படைக்க வேண்டியது ப்ராக்ஸி கணினியில் உள்ள லினக்ஸின் பொறுப்பு. ஸ்விட்ச் பாதி, லினக்ஸ் பாதி. 'ஸ்விட்ச்சில் எல்லாம் சரி, ஆனாலும் வரவில்லை' என்று வரும் அழைப்புகளில் விட்டுப்போயிருப்பது பெரும்பாலும் இந்த இரண்டாம் பாதிதான்.

சரி, ஸ்விட்ச்சில் எந்த வரிசையில் எழுதுவது?

முதலில் ப்ராக்ஸிக்கு என்று தனி விலானை (ஸ்விட்ச்சுக்குள் பிரிக்கும் தனி நெட்வொர்க்) உருவாக்குங்கள். மாணவர்கள் இருக்கும் விலானில் அதை வைக்காதீர்கள். காரணம் இரண்டு கேள்விகள் தள்ளி வருகிறது. அடுத்து, மாணவர் விலானின் முகவரிகளிலிருந்து டிசிபி போர்ட் 80க்குப் போவதை அனுமதிக்கும் ஆக்சஸ் லிஸ்ட் (எந்த பாக்கெட் என்று தேர்ந்தெடுக்கும் பட்டியல்) ஒன்று. பிறகு அந்த லிஸ்ட்டைக் காட்டும் ரூட்-மேப், அதாவது பொருந்துவதை எங்கே அனுப்புவது என்ற விதி. அதில் 'செட் ஐபி நெக்ஸ்ட்-ஹாப்' என்று ப்ராக்ஸியின் முகவரி. கடைசியாக, மாணவர் விலான் இன்டர்ஃபேஸில் 'ஐபி பாலிசி ரூட்-மேப்' என்று அதைப் பொருத்த வேண்டும். இந்தக் கடைசி வரியை அடிக்கும் வரை எதுவும் மாறாது. ஆகவே அதற்கு முந்தைய எல்லாவற்றையும் பட்டப்பகலில் பதற்றமில்லாமல் எழுதிவைக்கலாம். கடைசி வரியை மட்டும் ஆய்வகம் காலியான பிறகு அடியுங்கள்.

கல்லூரிக்குள்ளேயே இருக்கும் சர்வர்களுக்குப் போகும் போக்குவரத்தைத் திருப்பாதீர்கள். இதற்காகப் பலர் ஆக்சஸ் லிஸ்ட்டில் மறுப்பு வரிகளைச் சேர்ப்பார்கள். 3750 போன்றவற்றில் ரூட்-மேப்புக்கான லிஸ்ட்டில் மறுப்பு வரி இருந்தால், அதில் பொருந்தும் பாக்கெட்டுகள் ஸ்விட்ச்சின் சிபியூவுக்குப் போய்விடும். ஸ்விட்ச் மூச்சுத் திணறும். உள் சர்வர்களை வேறு போர்ட்டில் ஓட்டுவதோ, அனுமதி வரிகளைக் குறுக்கி எழுதுவதோ நல்லது. ஸ்விட்ச்சின் சொந்த முகவரிகளையும் லிஸ்ட்டில் சேர்த்துவிடாதீர்கள். பிறகு அதற்குள்ளேயே நுழைய முடியாமல் போகும்.

கட்டளையை அடித்தால் ஸ்விட்ச் ஏற்கவே மாட்டேன் என்கிறது. பழுதா?

பழுதில்லை. 3560, 3750 வகைகளில் நினைவகம் எந்த வேலைக்கு எவ்வளவு என்று முன்பே பங்கிடப்பட்டிருக்கும். தொழிற்சாலையிலிருந்து வரும் பங்கீட்டில் பாலிசி ரூட்டிங்குக்கு இடமில்லை. 'எஸ்டிஎம் ப்ரிஃபர் ரூட்டிங்' என்று மாற்றிச் சேமித்து, ஸ்விட்ச்சை மறுதொடக்கம் செய்ய வேண்டும். அது எழுந்து வரும் வரை அந்தக் கட்டடத்தில் நெட் இருக்காது என்பதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

அதன் பிறகும் ஏற்கவில்லையென்றால் மென்பொருளைப் பாருங்கள். இந்த மாடல்களில் ஐபி சர்வீசஸ் தொகுப்பில்தான் இந்த வசதி உண்டு. பழையதாக வாங்கிய ஸ்விட்ச்களில் பெரும்பாலும் ஐபி பேஸ் மட்டுமே இருக்கும். வாங்குவதற்கு முன்பே விற்பவரிடம் 'ஷோ வெர்ஷன்' விவரத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ப்ராக்ஸி கணினியில் என்ன செய்ய வேண்டும்?

ஸ்க்விட்டில் இரண்டு போர்ட் வைத்துக்கொள்ளுங்கள். 3128 வழக்கமான ப்ராக்ஸிக்கு. பிரவுசரில் நேரடியாக முகவரி போடுபவர்கள் இதைப் பயன்படுத்தலாம். 3129 இடைமறிப்புக்கு, அந்த வரியில் 'இன்டர்செப்ட்' என்ற சொல் இருக்க வேண்டும். பழைய குறிப்புகளில் 'டிரான்ஸ்பரன்ட்' என்று இருக்கும். 3.1 பதிப்பிலிருந்து பெயர் மாறிவிட்டது. பிறகு லினக்ஸின் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸில், உள்ளே வரும் டிசிபி 80ஐ 3129க்கு 'ரீடைரக்ட்' செய்யும் ஒரு வரி. வெளியிலிருந்து யாரும் 3129ஐ நேரடியாகத் தட்டாதபடி, மேங்கிள் அட்டவணையில் அதை மறுக்கும் இன்னொரு வரி.

முகவரி மாற்றும் வேலையை ப்ராக்ஸி கணினியிலேயே செய்ய வேண்டும் என்பது மிக முக்கியம். ஃபயர்வாலில் முகவரியை மாற்றி ப்ராக்ஸிக்கு அனுப்பினால், பாக்கெட் முதலில் எந்தத் தளத்துக்குப் புறப்பட்டது என்ற தகவல் வழியிலேயே அழிந்துவிடும். ஸ்க்விட் அந்தத் தகவலைத் தன் கணினியில் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்கிறது.

வன்தட்டைப் பற்றியும் ஒரு சொல். நிறுவியவுடன் ஸ்க்விட் நினைவகத்தில் மட்டுமே, 256 எம்பி அளவுக்குத்தான் சேமிக்கும். வன்தட்டு கேஷை நாம்தான் இயக்க வேண்டும். ஒவ்வொரு ஜிபி வன்தட்டு கேஷுக்கும் ஏறத்தாழ 14 எம்பி ரேம் என்று 64 பிட் கணினிகளுக்குக் கணக்கு. 100 ஜிபி ஒதுக்கினால் பட்டியலுக்கு மட்டுமே 1.4 ஜிபி ரேம் போகும்.

எல்லாம் போட்டேன். அடுத்த நிமிடம் பக்கம் எதுவுமே திறக்கவில்லை அண்ணாச்சி!

சுழல் ஏற்பட்டிருக்கும். மாணவர் கேட்ட பக்கத்தை எடுத்துவர ப்ராக்ஸி தானும் போர்ட் 80க்குத்தான் வெளியே போகும். ப்ராக்ஸி மாணவர் விலானிலேயே இருந்தால், அந்த பாக்கெட்டையும் ஸ்விட்ச் பிடித்து ப்ராக்ஸிக்கே திருப்பி அனுப்பும். அது மறுபடி வெளியே போகும், மறுபடி திரும்பும். ஸ்க்விட் பதிவேட்டில் 'ஃபார்வர்டிங் லூப்' என்ற எச்சரிக்கை வரிசையாக வந்துகொண்டே இருக்கும்.

முன்பு சொன்ன தனி விலான் இதற்காகத்தான். மாணவர் விலான் இன்டர்ஃபேஸில் மட்டும் ரூட்-மேப் இருக்க, ப்ராக்ஸி வேறு விலானில் இருந்தால் சுழல் உருவாக வழியே இல்லை.

ப்ராக்ஸி படுத்துவிட்டால் என்ன ஆகும்?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் யாரும் இந்த அமைப்பைப் போடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நான் கேட்காமல் போட்டிருக்கிறேன். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி ஆய்வகம், 62 கணினிகள். வெறும் நெக்ஸ்ட்-ஹாப் மட்டும் எழுதியிருந்தேன். மூன்று மாதம் ஒரு குறையும் இல்லை. நான்காம் மாதம் ஒரு திங்கட்கிழமை காலை பொறுப்பாளர் அழைத்தார்: 'கூகுள் திறக்கிறது, பயிற்சித் தேர்வுத் தளம் மட்டும் திறக்கவில்லை.' கூகுள் திறக்கிறது என்றால் நெட்வொர்க் நலம், அந்தத் தளத்தில்தான் கோளாறு என்று சொல்லிவிட்டேன். அரை மணி நேரத்தில் மறுபடி அழைப்பு. அம்பாசமுத்திரத்திலிருந்து சேரன்மகாதேவி வழியாக பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது, மாணவிகள் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ரேக்கைத் திறந்து நீலநிற கன்சோல் கேபிளைச் செருகினேன். ஸ்விட்ச்சில் எல்லாம் பச்சை. ப்ராக்ஸிக்குப் பிங் போகிறது. ஆனால் பதிவேட்டுக் கோப்பு வளர்ந்து வளர்ந்து வன்தட்டு நிரம்பி, ஸ்க்விட் மட்டும் நின்றுபோயிருந்தது. கூகுள் எச்டிடிபிஎஸ் (மறையாக்கம் செய்த இணைப்பு, போர்ட் 443) என்பதால் ப்ராக்ஸி பக்கமே வரவில்லை. தேர்வுத் தளம் எச்டிடிபி என்பதால் மாட்டிக்கொண்டது. அந்தப் பிள்ளைகளின் ஒரு முழு ஆய்வக நேரம் என்னால் போயிற்று. அதை நான் மறக்கவில்லை.

கணினி உயிரோடு இருப்பது வேறு, ஸ்க்விட் உயிரோடு இருப்பது வேறு. கேபிள் கழன்றால் ஸ்விட்ச் கண்டுகொள்ளும். ஸ்க்விட் மட்டும் நின்றால் கண்டுகொள்ளாது. ஆகவே ஸ்விட்ச்சில், அதுவே அவ்வப்போது செய்து பார்க்கும் ஐபி எஸ்எல்ஏ சோதனை ஒன்றை வையுங்கள். பிங் சோதனை வேண்டாம். போர்ட் 3128க்கு டிசிபி இணைப்பு கிடைக்கிறதா என்று பார்க்கும் சோதனை வேண்டும். அதில் 'கன்ட்ரோல் டிசேபிள்' என்று சேர்க்க மறக்காதீர்கள். எதிர்முனை சிஸ்கோ கருவி இல்லை என்பதால் அது தேவை. அந்தச் சோதனையை நெக்ஸ்ட்-ஹாப் வரியோடு 'வெரிஃபை அவெய்லபிலிட்டி' மூலம் இணைத்தால், ஸ்க்விட் நின்றவுடன் போக்குவரத்து வழக்கமான பாதைக்குத் திரும்பிவிடும். எல்லா மாடலிலும் இந்த இணைப்பு கிடைக்காது. கிடைக்காவிட்டால் அடுத்த கேள்வியில் வரும் வழிதான்.

நம் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் மின்சாரம் போய்ப்போய் வரும். மின்சாரம் வந்ததும் ஸ்விட்ச் எழுந்துவிடும். ப்ராக்ஸி வன்தட்டைச் சரிபார்த்துவிட்டுத்தான் எழும். அந்த இடைவெளியில் ஆய்வகம் நிற்காமல் இருக்கவும் இந்தச் சோதனை உதவும்.

டபிள்யூசிசிபி என்கிறார்களே, அது இதைவிட நல்லதா?

சிஸ்கோ இதற்கென்றே உருவாக்கிய நெறிமுறை அது. பாலிசி ரூட்டிங்கில் ஸ்விட்ச்தான் ப்ராக்ஸியின் நாடியைப் பிடித்துப் பார்க்க வேண்டும். டபிள்யூசிசிபியில் ப்ராக்ஸியே 10 நொடிக்கு ஒரு முறை யூடிபி போர்ட் 2048 வழியாக 'நான் இங்கே இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டிருக்கும். ஏறத்தாழ 30 நொடி குரல் வரவில்லையென்றால் ஸ்விட்ச் அதைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, போக்குவரத்தை நேராக விட்டுவிடும். குரல் கொடுப்பது ஸ்க்விட்டே என்பதால், மேலே சொன்ன திங்கட்கிழமை இதில் நடந்திருக்காது. பல ப்ராக்ஸிகளைச் சேர்த்துச் சுமையைப் பகிரவும் முடியும்.

பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஸ்க்விட் இயல்பாகப் பேச முயல்வது ஜிஆர்இ உறையும் (பாக்கெட்டை இன்னொரு பாக்கெட்டுக்குள் வைத்து அனுப்புவது) ஹாஷ் பங்கீடும் (எந்த பாக்கெட் எந்த ப்ராக்ஸிக்கு என்று பிரிக்கும் ஒரு முறை). கேட்டலிஸ்ட் 3750 ஏற்பது லேயர் 2 அனுப்புதலும் (உறையில்லாமல் மேக் முகவரியை மட்டும் மாற்றி அனுப்புவது) மாஸ்க் பங்கீடும் (பிரிக்கும் இன்னொரு முறை) மட்டுமே. இரண்டும் பொருந்தாவிட்டால் ஸ்விட்ச் ப்ராக்ஸியை ஏற்றுக்கொள்ளாது. திருப்பிவிடல் தொடங்கவே தொடங்காது. ஸ்க்விட் அமைப்பில் அனுப்பும் முறை, திரும்பும் முறை, பங்கீட்டு முறை மூன்றையும் ஸ்விட்ச்சுக்கு ஏற்ப மாற்றுங்கள். அதே இன்டர்ஃபேஸில் பாலிசி ரூட்டிங்கையும் சேர்த்துப் போட முடியாது. இரண்டில் ஒன்றுதான்.

பக்கங்கள் திறக்கின்றன. ஆனால் படிவத்தை நிரப்பி அனுப்பினால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஏன்?

டபிள்யூசிசிபியை ஜிஆர்இ உறையில் ஓட்டுகிறீர்களா என்று பாருங்கள். ரூட்டரிலிருந்து ப்ராக்ஸிக்குப் போகும் ஒவ்வொரு பாக்கெட்டின் மேலும் 28 பைட் கூடுதலாக ஏறும். 1500 பைட் பாதையில் ஏற்கெனவே நிரம்பிய பாக்கெட்டுக்கு அந்த 28க்கு இடமில்லை. பக்கம் கேட்கும் பாக்கெட் சிறியது, போய்விடும். பதில் பெரியதுதான், ஆனால் அது உறையில்லாமல் நேராக வருகிறது. மாணவர் பெரிய படிவத்தையோ புகைப்படத்தையோ அனுப்பும்போதுதான் சிக்குகிறது.

ப்ராக்ஸி அறிவிக்கும் எம்எஸ்எஸ் அளவை (ஒரு பாக்கெட்டில் ஏற்றும் தகவலின் உச்ச அளவு) 1460இலிருந்து 1432ஆகக் குறைத்தால் தீரும். ஸ்விட்ச் இடம் கொடுத்தால் லேயர் 2 முறைக்கு மாறுவது அதைவிட நல்லது.

எச்டிடிபிஎஸ்ஸையும் சேர்த்துத் திருப்பிவிடலாமே? இப்போது எல்லாமே அதில்தானே போகிறது?

போர்ட் 443ஐ அப்படியே 3129க்குத் திருப்பினால், பூட்டிய பெட்டியைத் திறக்கத் தெரியாமல் ஸ்க்விட் இணைப்பை முறித்துவிடும். ஸ்க்விட் 3.5 முதல், தொடக்க உரையாடலில் தளத்தின் பெயரை மட்டும் பார்த்துவிட்டு அப்படியே கடத்திவிடும் வசதி உண்டு. அதில் தளத்தைத் தடுக்கலாம், பதிவு செய்யலாம். ஒரு பைட்டைக்கூட கேஷில் சேமிக்க முடியாது. ஆகவே கேஷுக்காக 443ஐத் திருப்புவதில் பயனில்லை.

பூட்டைத் திறந்து பார்த்துச் சேமிக்கவும் முடியும். அதற்கு நீங்களே ஒரு சான்றிதழ் ஆணையத்தை உருவாக்கி, ஒவ்வொரு கருவியிலும் அதை நம்பச் செய்ய வேண்டும். பல கைபேசிச் செயலிகள் அதை ஏற்காது; நின்றுவிடும். செயலிகளை விடுங்கள். ஒரு மாணவியின் வங்கிக் கணக்கும் மருத்துவக் கடிதமும் உங்கள் பெட்டிக்குள் திறந்த நிலையில் போகும். அந்தப் பெட்டியின் கடவுச்சொல்லை எத்தனை பேர் அறிவார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கேட்ட எவருக்கும் நான் இதைச் செய்து கொடுத்ததில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2022இல் தரப்படுத்தப்பட்ட எச்டிடிபி 3, டிசிபியில் போவதே இல்லை. யூடிபி 443இல் போகிறது. டிசிபியை மட்டும் பார்க்கும் எந்த விதியும் அதைத் தொடாது.

அப்படியானால் இவ்வளவு பாடு எதற்கு? கேஷில் சேமிக்க என்ன மிச்சம் இருக்கிறது?

நேர்மையாகச் சொல்ல வேண்டிய இடம் இது. சாதாரணமாக உலாவுவதில் சேமிப்பு மிகக் குறைவு. அதற்காக மட்டும் என்றால் வேண்டாம் என்றே சொல்வேன்.

மிச்சம் இருப்பது மென்பொருள் தொகுப்புகள். டெபியன், உபுண்டு களஞ்சியங்களிலிருந்து இன்றும் எச்டிடிபியில் இறக்கலாம். தொகுப்புகளின் பட்டியலில் மறையெழுத்துக் கையொப்பம் இருப்பதால் வழியில் யாரும் மாற்றினால் தெரிந்துவிடும். டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் ஓடும் ஆய்வகங்களும் இந்த வகைதான். விண்டோஸ் புதுப்பிப்புகளிலும் ஒரு பகுதி எச்டிடிபியில் வருகிறது. லினக்ஸ் ஆய்வகம் உள்ள கல்லூரிக்கு இது போதுமான காரணம்.

ஆனால் ஒரு வரியை மாற்றாவிட்டால் அந்தப் பயனும் கிடைக்காது. ஸ்க்விட் வன்தட்டில் சேமிக்கும் கோப்பின் உச்ச அளவு, நிறுவியவுடன் 4 எம்பிதான். 80 எம்பி தொகுப்பு வந்தால் கொடுத்துவிட்டு மறந்துவிடும். 'மேக்சிமம் ஆப்ஜெக்ட் சைஸ்' வரியில் அதை 1 ஜிபி அளவுக்கு உயர்த்துங்கள். அந்த வரி, வன்தட்டு கேஷை அறிவிக்கும் வரிக்கு மேலே இருக்க வேண்டும். கீழே எழுதினால் எடுபடாது. பிரௌசிங் சென்டர் நடத்தும் நண்பர் ஒருவர், ஆறு மாதம் ப்ராக்ஸி ஓட்டியும் பில் குறையவில்லை என்று வந்தார். அவருடைய அமைப்பில் இந்த வரி கீழே இருந்தது.

யார் எங்கே போகிறார்கள் என்று பார்க்க, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்க வைக்கலாமா?

இடைமறிப்பில் முடியாது. ப்ராக்ஸி 'உன் பெயரைச் சொல்' என்று கேட்கும் பதில், தான் ப்ராக்ஸியோடு பேசுவதாக அறிந்த பிரவுசருக்குத்தான் பொருள்படும். இங்கே பிரவுசர் தளத்தோடு நேராகப் பேசுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. பெயர் கட்டாயம் வேண்டும் என்றால், இரண்டாம் கேள்வியில் சொன்னபடி பிரவுசரில் முகவரி போடும் முறைக்குப் போங்கள்.

எதைப் பதிவு செய்தாலும், பதிவு செய்கிறோம் என்பதை விடுதி அறிவிப்புப் பலகையில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். எத்தனை நாள் வைத்திருப்போம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பதிவேட்டை அந்தக் கெடுவில் அழியும்படி அமைத்தால், நான் சொன்ன வன்தட்டு நிரம்பும் சிக்கலும் தீரும்.

பதிவேட்டில் 'ஹோஸ்ட் ஹெடர் ஃபோர்ஜரி' என்று நூற்றுக்கணக்கில் வருகிறது. யாராவது ஊடுருவுகிறார்களா?

பெரும்பாலும் இல்லை. கருவி எந்த ஐபி முகவரிக்குப் புறப்பட்டதோ, அது உண்மையிலேயே அந்தத் தளத்தின் முகவரிதானா என்று ஸ்க்விட் 3.2 முதல் சரிபார்க்கிறது. பெரிய தளங்களுக்குப் பல முகவரிகள் உண்டு. தளத்தின் பெயருக்கு ஐபி முகவரி சொல்வது டிஎன்எஸ் சர்வர். மாணவரின் கைபேசி ஒரு டிஎன்எஸ் சர்வரிடமும் ப்ராக்ஸி வேறொன்றிடமும் கேட்டால் வெவ்வேறு பதில் வரும்; ஸ்க்விட் ஐயப்படும், அந்தப் பதிலை கேஷிலும் சேமிக்காது.

இருவரும் ஒரே டிஎன்எஸ் சர்வரைக் கேட்கும்படி செய்யுங்கள். உள்ளேயே ஒரு டிஎன்எஸ் சர்வர் வைத்து, கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபி வழியாக அதையே எல்லோருக்கும் கொடுத்தால் எச்சரிக்கை பெருமளவு அடங்கும்.

ஃபயர்வாலில் பார்த்தால் எல்லோரும் ப்ராக்ஸியின் முகவரியில்தான் தெரிகிறார்கள். தனித்தனியாகத் தெரிய வேண்டுமே?

'டிப்ராக்ஸி' முறையில் ஸ்க்விட், மாணவரின் முகவரியையே முன்வைத்து வெளியே போகும். ஆனால் அப்போது தளத்திலிருந்து வரும் பதிலும் மாணவரின் முகவரிக்கே வரும். ஸ்விட்ச் அதை நேராக மாணவரிடம் கொடுத்துவிட்டால், ப்ராக்ஸி கேட்டது ப்ராக்ஸிக்கு வந்து சேராது. ஆகவே வெளிப்பக்க இன்டர்ஃபேஸிலும், போர்ட் 80இலிருந்து திரும்பி வருவதை ப்ராக்ஸிக்குத் திருப்பும் இன்னொரு ரூட்-மேப் வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் செயலிழந்தால் கண்டுபிடிப்பது கடினம். சாதாரண இடைமறிப்பில் ஆறு மாதமாவது கை பழகிய பிறகு இதற்கு வாருங்கள்.

வேலை செய்கிறதா என்று எதை வைத்து நம்புவது?

இரண்டு கணினிகளில் ஒரே தொகுப்பை ஒன்றன்பின் ஒன்றாக இறக்குங்கள். ஸ்க்விட்டின் அணுகல் பதிவேட்டில் முதல் முறை 'டிசிபி மிஸ்', இரண்டாம் முறை 'டிசிபி ஹிட்' அல்லது 'மெம் ஹிட்' என்று வர வேண்டும். இரண்டு முறையும் மிஸ் என்றால் அந்த 4 எம்பி வரியைப் பாருங்கள். வரியே வரவில்லையென்றால் பாக்கெட் ப்ராக்ஸியை எட்டவில்லை. ப்ராக்ஸியில், வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் கட்டளையைப் போட்டு, போர்ட் 80 பாக்கெட் வாசலுக்கு வருகிறதா என்று பாருங்கள். வந்தால் லினக்ஸ் பக்கம், வராவிட்டால் ஸ்விட்ச் பக்கம்.

ஸ்விட்ச்சில் 'ஷோ ரூட்-மேப்' காட்டும் எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள். கேட்டலிஸ்ட்டில் வன்பொருளே நேராகத் திருப்பிவிடும் பாக்கெட்டுகள் அந்தக் கணக்கில் ஏறுவதில்லை. பூஜ்யத்தைப் பார்த்துவிட்டு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த அமைப்பைக் கலைத்தவர்கள் உண்டு.

நீங்கள் ஊரில் இல்லாத நாளில் ஏதாவது ஆகிவிட்டால் நாங்களே எப்படி எடுத்துவிடுவது?

ப்ராக்ஸியை முதலில் அணைக்காதீர்கள். மாணவர் விலான் இன்டர்ஃபேஸுக்குள் போய், 'ஐபி பாலிசி' வரியை அதன் முன்னால் 'நோ' சேர்த்து அடியுங்கள். டபிள்யூசிசிபி என்றால் அந்த இன்டர்ஃபேஸில் உள்ள திருப்பிவிடல் வரியை அதேபோல் நீக்குங்கள். அந்த நொடியிலிருந்து புதிதாகத் திறக்கும் பக்கங்கள் நேர்வழியில் போகும். பாதியில் இருந்த இறக்கங்கள் அறுந்துபோகும். மறுபடி தொடங்கினால் சரியாகிவிடும். ஆக்சஸ் லிஸ்ட்டையும் ரூட்-மேப்பையும் அழிக்க வேண்டாம், கிடக்கட்டும். மின்சாரம் போய் வந்தால் பழைய வரி திரும்பி வந்துவிடாமல் இருக்க, அமைப்பைச் சேமியுங்கள். அதன் பிறகு ப்ராக்ஸியை அணைக்கலாம்.

நான் அமைத்துக் கொடுக்கும் ஒவ்வொரு ரேக்கின் கதவின் உட்புறத்திலும் ஒரு தாள் ஒட்டியிருக்கும். விலான் எண், அடிக்க வேண்டிய வரிகள், சேமிக்கும் கட்டளை, கன்சோல் வேகம் 9600. கன்சோல் கேபிள் அதற்குக் கீழே கொக்கியில் தொங்கும்.